ஆய்வகத்துக்கு ஒரு வளர்ப்பு, மனோதர்மத்துக்கு ஒரு வளர்ப்பு

படைப்பாற்றல் பிறவிக் குணமா, வளர்ப்பா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணியும் கைதட்டல் வாங்கும். எடுத்துக்காட்டுகள் இரு பக்கமும் மலிந்து கிடக்கின்றன. எந்தத் துறை என்று சொல்லாமல் கேட்டால் இதற்கு விடையே கிடையாது. இயற்பியல், கணிதம் போல விதிகள் இறுகிய துறை கேட்கும் குணமும் வீடும் வேறு. கவிதை, ஓவியம் போல விதிகள் தளர்ந்த துறை கேட்பவை வேறு. கர்நாடக இசை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கலைதான், ஆனால் இலக்கணம் கெட்டி.

குணத்தை முதலில் பார்த்துவிடலாம். உளவியலாளர் கிரிகரி ஃபைஸ்ட், விஞ்ஞானிகளையும் கலைஞர்களையும் பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 1998-ல் அலசினார். புதியதற்கு இடம் கொடுக்கும் மனம், தன்னம்பிக்கை, ஊரோடு ஒத்துப்போகாத போக்கு, கொஞ்சம் முரட்டுத்தனம் ஆகியவை இரு தரப்புப் படைப்பாளிகளிடமும் இருந்தன. ஒழுங்கில்தான் பிரிந்தார்கள். விஞ்ஞானிகள் மற்றவர்களைவிட அடுக்கும் பொறுப்புமாக இருந்தார்கள். கலைஞர்களிடம் அது குறைவு, மன அலைவு அதிகம். உளவியலாளர் ஸ்காட் பாரி காஃப்மனின் குழு 2016-ல் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. அழகிலும் கற்பனையிலும் தோயும் மனம் கலைச் சாதனையோடு ஒட்டிவந்தது; கருத்துகளைப் பிரித்து மேயும் ஆர்வம் அறிவியல் சாதனையோடு ஒட்டிவந்தது. ஆகவே பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்கிறது என்பது மட்டும் போதாது. கேள்வி எதைப் பற்றி என்று கவனிக்க வேண்டும்.

குணத்தைப் பெற்றோர் செதுக்க முடியுமா? பெரிதாக முடியாது. இரட்டையர் ஆய்வுகளின்படி ஆளுக்கு ஆள் உள்ள குண வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபணு வழி வருகிறது. ஒரே வீட்டில் வளர்வது குணத்தை ஒன்றுபோல ஆக்குவதில்லை. வீடு வேலை செய்வது வேறு வழியில்: எது கண்ணில் படுகிறது, யார் வந்து போகிறார்கள் என்பதில். அமெரிக்கக் காப்புரிமைப் பதிவுகளை வைத்து அலெக்ஸ் பெல், ராஜ் செட்டி உள்ளிட்டோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வருமானத்தில் மேல் 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் கண்டுபிடிப்பாளராகும் வாய்ப்பு, கீழ்ப் பாதிக் குடும்பத்துப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு. கணிதத் திறமை வித்தியாசம் இதில் சிறு பங்கைத்தான் விளக்குகிறது. எந்தத் தொழில்நுட்பம் புழங்கும் ஊரில் வளர்ந்தார்களோ அதே தொழில்நுட்பத்தில்தான் பெரும்பாலும் பதிவு செய்தார்கள்.

சி. வி. ராமனின் வீடு இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்தும். தந்தை கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் நடத்தியவர், வயலின் வாசிப்பவர். மகன் பிற்காலத்தில் மிருதங்கத்தின் மேலொலிகள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்தெழும் உயர்ந்த ஒலிகள்) ஏன் இசைவாக அமைகின்றன என்று ஆராய்ந்து 1920-ல் கட்டுரை வெளியிட்டார். ராமானுஜன் பொருந்தமாட்டார் என்று தோன்றும்: தந்தை கும்பகோணத்தில் ஜவுளிக்கடைக் கணக்கர். ஆனால் வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் வழியாகப் புத்தகம் வந்தது. காசு இல்லாவிட்டாலும் கணிதம் வாசல் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

எழுத்தாளர்களின் பக்கம் படம் மாறுகிறது. பாரதி ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தையின் பஞ்சாலைத் தொழில் நொடித்தது. 1898-ல் தந்தையும் போனார். நோபல் பெற்றவர்களின் இளமையை ஒப்பிட்டவர்களும் இதையே கண்டார்கள்: இயற்பியலாளர்களின் வீடுகளில் அமைதி, எழுத்தாளர்களின் வீடுகளில் இழப்பும் குலைவும். ஆனால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்வது அபத்தம். அந்தக் காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் ஏராளம். கவிஞரானவர்களை மட்டும் எண்ணினால் இழப்பே கவிதை தந்ததுபோலத் தெரியும்.

பயிற்சியில்தான் தேர்வு உண்மையில் நம் கையில் இருக்கிறது. இசைக்குச் சீக்கிரம் தொடங்க வேண்டும். விரலும் காதும் சிறு வயதில் பழகுவது வேறு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறி, அதன்பிறகே மனோதர்மம், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் சொந்தமாகப் பாடும் ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம். கோளாறு நேர்வது கீர்த்தனைக்கும் மனோதர்மத்துக்கும் இடையில். போட்டிக்குத் தயாராக்கும் அவசரத்தில் கல்பனாஸ்வரத்தை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பார்கள். மேடையில் அது எடுபடும். அடுத்த வருடம் அதே ராகத்தில் வேறு இடத்தில் எடுத்துப் பாடச் சொன்னால் பிள்ளை தடுமாறும். அடிப்படையைத் தளர்த்தாமல், தினமும் பத்து நிமிடமாவது தப்புத் தப்பாகவே சொந்தமாகப் பாட விடுவதுதான் மாற்று.

அறிவியலில் அந்த அவசரம் தேவையில்லை. 1945-க்குப் பின் நோபல் பெற்ற ஜெர்மானியர்களையும் அந்நாட்டின் உயர்ந்த ஆய்வுப் பரிசான லைப்னிட்ஸ் பரிசு பெற்றவர்களையும் ஒப்பிட்டபோது, நோபல்காரர்களே இளமையில் பல துறைகளில் கைவைத்தவர்கள். தொடக்க முன்னேற்றமும் மெதுவாக இருந்தது. நுழைவுத்தேர்வுப் பயிற்சி நேர் எதிர்த்திசை. மூன்று நிமிடத்துக்கு ஒரு கணக்கு என்று போட்டுப் பழகிய மாணவர், ‘எந்தக் கணக்கைப் போடுவது’ என்று கேட்கப்பட்டால் திகைத்து நிற்பார். கேள்வியைத் தானே கண்டெடுக்கும் அந்தத் திறனை உளவியலாளர்கள் கெட்செல்ஸும் சிக்சென்ட்மிஹாயியும் சிகாகோ ஓவிய மாணவர் 31 பேரிடம் அளந்தார்கள். மேசையில் 27 பொருள்கள். வேண்டியதை எடுத்து அடுக்கி வரையச் சொன்னார்கள். அதிகப் பொருள்களைத் தொட்டு, புரட்டிப் பார்த்து, வரையும்போதும் அடுக்கை மாற்றியவர்களின் படங்களே அசலானவை என்று மதிப்பிடப்பட்டன. ஏழு ஆண்டு கழித்து ஓவியத்தில் நிலைத்தவர்களிலும் அவர்களே முன்னால் இருந்தார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பைப் பெற்றோர் தேர்ந்துகொடுப்பது இதனால்தான் நட்டம். அறிவியலில் அவசரப்படவேண்டிய இடம் பின்னால் வருகிறது, ஆசிரியர் தேர்வில். 1972 வரை அமெரிக்காவில் வேலை செய்து நோபல் பெற்ற 92 பேரில் 48 பேர் மூத்த நோபல்காரர் ஒருவரிடம் பணிசெய்தவர்கள் என்று சமூகவியலாளர் ஹாரியட் சக்கர்மன் கணக்கெடுத்தார்.

பரிசு விஷயத்தில் துறைக்குத் துறை வேறுபாடு குறைவு. 1973-ல் மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓரிரு வாரம் கழித்து அவர்கள் தாமாக வரைந்த நேரம், பரிசே பெறாதவர்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதி. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. ஆக, கெடுத்தது முன்பேரம். சரளி வரிசைச் சாதகத்துக்குச் சாக்லேட் கொடுத்தால் அவ்வளவு மோசமில்லை. அது எப்படியும் சலிப்பூட்டும் வேலைதான். தானாகப் பாடிப் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் எதையும் பேசி வைக்காதீர்கள்.