புது டயர் என்று காட்டியது ஒன்று, மாட்டியதில் மூன்று பழசு: 23,600 ரூபாய் போயிற்று

காருக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகவும். கோவையில், பல நிறுவனங்களின் டயர்களை வைத்து விற்று, அங்கேயே அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்து தருகிற ஒரு கடையில் கடந்த மாதம் நான்கு டயர்கள் மாற்றி 23,600 ரூபாய் கொடுத்தேன். அந்த நான்கில் மூன்று, தயாராகி ஆறு ஆண்டுகளைத் தாண்டியவை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுதவில்லை.

நம்ப வைத்த விதத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விலையைக் கேட்டதும் உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து என் காலடியில் நிறுத்தினார்கள். புது டயரின் மேல் சின்னச் சின்ன ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவற்றைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். நான் கேட்பதற்கு முன்பே கடைக்காரர் குனிந்து, பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் அச்சாகியிருந்த நான்கு இலக்கத்தைக் காட்டி, "முதல் ரெண்டு நம்பர் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். போன வருஷச் சரக்குங்க சார், பார்த்துக்குங்க" என்று விளக்கமும் கொடுத்தார். தேதியைத் தானாகவே காட்டுகிற கடைக்காரர் ஏமாற்றுவார் என்று யாருக்குத்தான் தோன்றும்? தேநீர் வரவழைத்து, கண்ணாடி அறையில் உட்கார வைத்து, வண்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது நான்கு டயர்களும் கறுப்பு பாலிஷ் பூசிப் பளபளத்தன. பிரிண்டர் வேலை செய்யவில்லை, ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்று சொல்லி, கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். 23,600 ரூபாய் யுபிஐ வழியாகப் போனது.

தயாரிப்புத் தேதி பெரும்பாலான டயர்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி அமைப்புள்ள டயரைத் திருப்பி மாட்டினாலும் ஓடும் என்பதால், தேதியுள்ள பக்கத்தை வண்டியின் அடிப்புறம் பார்க்க வைத்துவிட்டால், லிஃப்டில் ஏற்றியோ சக்கரத்தைக் கழற்றியோ பார்த்தாலொழிய யார் கண்ணுக்கும் படாது. எனக்குக் காட்டிய அந்த ஒரு டயரை மட்டும், ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரத்தில், தேதி வெளியே தெரியும்படி மாட்டியிருந்தார்கள். வேலையில் என்ன ஒரு கவனம்!

பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறு போகும் வழியில்தான் இது வெளியே வந்தது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போவதும், ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தி ஆழியாறு அணையைக் கீழே பார்ப்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பயணம். அதற்காகத்தான் டயரையே மாற்றினேன். சமவெளியிலேயே பின் இடது சக்கரம் தட்டத் தொடங்கியதால் ஓரங்கட்டினேன். பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போனபோது, அங்கிருந்த பெரியவர் கழற்றிய டயரைத் திருப்பிப் போட்டு ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தார். பாலிஷ் துணியோடு வந்துவிட, எழுத்துகளின் ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன; வட்டத்துக்குள் 2719 என்றிருந்தது. "இது 2019ஆம் வருஷத்து டயரு தம்பி, மத்ததையும் பார்த்துரலாம்" என்று அவரே ஜாக்கியை எடுத்தார். இன்னொன்றும் 2719, மற்றொன்று 4818. இறக்கத்தில் வளைவில் திரும்பும்போது இந்த டயர் வெடித்திருந்தால், பின் இருக்கையில் இருந்த குழந்தைகளோடு நாங்கள் என்ன ஆகியிருப்போம் என்பதை அந்தக் கடைக்காரர் ஒரு நொடியாவது நினைத்திருப்பாரா?

அன்றே தொலைபேசியில் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாள் போனால் முதலாளி திருப்பூர் போயிருக்கிறார். பிறகு ஒருவழியாக அகப்பட்ட முதலாளி, டயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், குழியில் விட்டிருப்பீர்கள், காற்றுக் குறைவாக ஓட்டியிருப்பீர்கள், அதற்கெல்லாம் வாரண்டி கிடையாது என்றார். வீக்கத்தை விடுங்கள், 2018, 2019ஆம் ஆண்டுத் தேதிகளுக்கு என்ன பதில் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஓடாத டயர் கெடாதுங்க. அரிசி மாதிரி, பழசானாத்தான் நல்லா இருக்கும்." ஓடாவிட்டாலும் வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகி வெடிக்கும் என்பதும், பத்து ஆண்டு கடந்த டயரைப் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் வரிகள், எவ்வளவு மீதமிருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்களே சொல்கின்றன என்பதும், தினமும் டயர் விற்கிற அவருக்குத் தெரியாதா என்ன?

அதற்கடுத்து, கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரட்டும் என்றார்கள். நானே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேட்டபோது, அப்படி எந்தப் புகாரும் வரவில்லை என்றும், முறையான பில் இல்லாமல் தங்களால் எதுவும் செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த பில்லைக் கடைக்காரரிடம் கேட்டால், வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறதே தவிர பதில் விழுவதில்லை. கடைசியாக வந்த சமாதானம், டயருக்கு 1,500 ரூபாய் கழித்துக்கொண்டு வேறு டயர் வாங்கிக்கொள்ளலாம் என்பது. 23,600 ரூபாய் வாங்கியவரிடமே மறுபடியும் பணம் கட்ட வேண்டுமாம்!

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். கடை அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. யுபிஐ பதிவு, எஸ்டிமேட் சீட்டு, மூன்று டயர்களின் படங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

டயர் வாங்கும் முறையை விரிவாக எழுதத்தான் நினைத்தேன். எழுதுகிற மனநிலை இல்லை. நான்கு டயர்களின் தேதியையும் மாட்டுவதற்கு முன் படம் எடுங்கள், ஒன்றைக் காட்டினால் மற்ற மூன்றையும் கேளுங்கள். கண்ணாடி அறையில் உட்காராமல் வண்டியின் பக்கத்திலேயே நில்லுங்கள். தேதிப் பக்கம் வெளியே தெரியும்படி மாட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டவர்கள், மலைப்பாதைக்குப் போவதற்கு முன் ஒரு பஞ்சர் கடையில் உள்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.