‘ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்’ என்று சொல்லும் சைக்கிள் சீட் கடைகளிடம் ஜாக்கிரதை

அரை மாதச் சம்பளம் போய்விட்டது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் இதைப் படித்துவிட்டுப் புதுச் சீட் வாங்கப் போங்கள்.

உடல் அளவெடுத்து, அதற்குப் பொருத்தமான சீட்டைத் தேர்ந்தெடுத்துத் தருவதாக விளம்பரம் செய்யும் கடை அது. பெயரைப் போடவில்லை. ஒரு மணி நேரம் தாண்டினாலே எனக்குப் பழைய சீட்டில் உட்கார முடியாது என்பதால் அங்கே போனேன்.

அவர்கள் என்னை நம்பவைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு முக்காலியின் மேல் மெத்தென்ற பலகை ஒன்றை வைத்து உட்காரச் சொன்னார் கடைக்காரர். முழங்கால்களைச் சற்று உயர்த்தி, முன்னால் குனிந்து, பிறகு எழுந்தேன். பலகையில் இரண்டு குழிகள். ஒவ்வொன்றின் ஆழமான இடத்திலும் சாக்பீஸால் புள்ளி வைத்து, இடையிலுள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தார். 124 மி.மீ. “உங்கள் உடல் எடையைத் தாங்க வேண்டியவை இந்த இரண்டு எலும்பு முனைகள்தான். சீட் இதைவிட இரண்டு, மூன்று செ.மீ. அகலமாக இருக்க வேண்டும்” என்றார். பஞ்சு அதிகமுள்ள சீட்டைக் காட்டி, “இதில் எலும்பு புதைந்துவிடும், நடுப்பகுதி மேலெழும்பி மெல்லிய சதையை அழுத்தும், தூரம் போகப் போக மரத்துப்போகும்” என்றார். அவர் சொன்ன அத்தனையும் உண்மை. அதனால்தான் வயிறு எரிகிறது. விஷயம் தெரிந்தவர், தெரிந்தே செய்திருக்கிறார்.

155 மி.மீ. என்று ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டை எடுத்து வைத்தார். விலை என் அரை மாதச் சம்பளம். நான் தயங்கியதும் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார்: ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம், ஒத்துவராவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

முதல் நீண்ட பயணத்திலேயே கால்களுக்கிடையே மரத்துப்போனது. இறங்கி நடந்த பிறகும் வெகுநேரம் உணர்வு திரும்பவில்லை. அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாய்களும் நசுங்குவதன் அறிகுறி அது. பொறுத்துக்கொள்ள வேண்டிய வலி அல்ல.

போன் செய்தேன். “புதுச் சீட் அப்படித்தான் இருக்கும் சார், பழகிவிடும்” என்றார்கள். முழுத் தோலால் செய்த சீட் என்றால் ஓட்ட ஓட்ட நெகிழ்ந்து உடலுக்கேற்ப வளையும், சரி. இதுவோ பிளாஸ்டிக் ஓட்டின் மேல் பஞ்சு ஒட்டியது. இது எப்படி வளையும்? மறுபடி போன் செய்தபோது, சீட்டின் மூக்கைக் கீழே சாய்க்கச் சொன்னார்கள். சாய்த்தேன். உடல் முன்னால் வழுக்கி, எடை முழுவதும் கைகளுக்குப் போய், மணிக்கட்டும் வலிக்கத் தொடங்கியது.

அதன் பிறகுதான் சீட்டைக் கழற்றி, பின்பக்கத்தில் மிக அகலமான இடத்தில் ஸ்கேலை வைத்தேன். 155 இல்லை. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி உரித்தேன். பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருந்த எண் 130. என் எலும்பு முனைகள் சீட்டின் வளைந்து இறங்கும் விளிம்பில் நின்றிருக்கின்றன. எடை அத்தனையும் நடுவில் விழுந்திருக்கிறது.

சீட்டோடு கடைக்குப் போனேன். அதே மனிதர் ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. சீட்டைத் திருப்பி, அடியிலுள்ள இரண்டு கம்பிகளில் கிளாம்ப் பிடித்த கீறலைக் காட்டி, “இது பயன்படுத்திய பொருள். திரும்ப எடுக்க முடியாது” என்றார். கிளாம்பில் பிடித்து முடுக்காமல் சீட்டை எப்படி மாட்டுவது? மாட்டாமல் எப்படி ஓட்டிப் பார்ப்பது? ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார். தடம் விழுந்த பொருள் திரும்பப் பெறப்படாது என்று பொடி எழுத்தில் இருந்தது. சுவரில் ஒரு பேச்சு, ரசீதில் இன்னொரு பேச்சு! 130 என்ற எண்ணைக் காட்டியபோது, “அது கம்பெனி போடும் வரிசை எண்” என்றார். ஸ்கேல் கொடுங்கள், இங்கேயே அளப்போம் என்றேன். முதலாளி வந்த பிறகு பேசலாம் என்று உள்ளே போய்விட்டார். முதலாளி என்று ஒருவர் இன்றுவரை பேசவில்லை. நான் அனுப்பிய படங்களைப் பார்த்திருக்கிறார்கள், பதில் இல்லை. அரை மாதச் சம்பளம், இப்போது பரணில் கிடக்கிறது.

விரிவாக ஆலோசனை எழுதும் பொறுமை இப்போது இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். எலும்பு அளவை வீட்டிலேயே எடுக்கலாம்: கெட்டியான நாற்காலியில் அலை அட்டைத் துண்டை (பார்சல் பெட்டி செய்யும் அட்டை) போட்டு அழுந்த உட்கார்ந்தால் குழி விழும். கடைக்கு ஸ்கேல் எடுத்துப் போங்கள், ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கம்பியில் கிளாம்ப் தடம் இருந்தாலும் திரும்ப எடுப்போம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். சோதனைக்கென்று தனிச் சீட் இரவல் தரும் கடை கிடைத்தால் அங்கே போங்கள். மரத்துப்போனால் உடனே இறங்குங்கள், அது தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ரசீதையும் படங்களையும் வைத்து நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.