கறுப்பு வெள்ளையில் கட்டிடங்கள்: பையில் தங்கியவையும் அலமாரிக்குப் போனவையும்

கட்டிடங்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுப்பது என்று இறங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா, கேனானின் டிஎஸ்-இ 24 எம்எம் ஷிஃப்ட் லென்ஸ் (இரண்டாம் பதிப்பு), ட்ரைபாட், கை நிறைய ஃபில்டர்கள் என்று ஆரம்பித்தேன். இன்று ஃபில்டர்களில் பெரும்பாலானவை அலமாரியில் தூங்குகின்றன. ஷிஃப்ட் லென்ஸ் மட்டும் கேமராவை விட்டு இறங்குவதே இல்லை.

உயரமான கட்டிடத்தின் முன் கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே போகப் போக உள்வாங்கும். கேமராவை மட்டமாக வைத்து, ஷிஃப்ட் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் கோடுகள் நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்து நிற்கும். இந்த லென்ஸ் 12 மி.மீ. வரை நகரும். ஆட்டோஃபோகஸ் கிடையாது, கட்டிடம் எங்கும் ஓடிவிடப் போவதில்லை என்பதால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. மென்பொருளிலும் நிமிர்த்தலாம்தான். ஆனால் படத்தின் மேல்பகுதியை இழுத்து விரிக்கும்போது அங்குள்ள ஜன்னல்கள் மழுங்கும், ஓரங்களை வெட்ட வேண்டிவரும். அப்புறம், மிக உயரமான கட்டிடத்தை முழுக்க நிமிர்த்தினால் உச்சி பெருத்துத் தெரியும். ஒரு துளி சரிவை விட்டுவைத்தால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கிறது.

இனி ஃபில்டர்கள். நீல வானத்தைக் கறுப்பாக்கும் சிவப்பு ஃபில்டர் ஃபிலிம் காலத்திலிருந்தே பிரபலம். அடர் சிவப்பு (25ஆம் எண்) சுமார் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) வெளிச்சத்தை விழுங்கிவிடும். வண்ண சென்சாரில் இன்னொரு சிக்கலும் உண்டு: நான்கு பிக்சலில் ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. ஃபில்டரை மாட்டினால் மற்ற மூன்றும் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். எனவே ராவில் (RAW, சென்சாரின் தகவலை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்து, மென்பொருளின் வண்ண ஸ்லைடர்களில் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு அடர்ந்த சாம்பலாக வேண்டும் என்று மாற்றுவதே மேல். அதிலும் நீலத்தை ஒரேயடியாக இறக்கினால் வானத்தில் நாய்ஸ் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) கிளம்பும். கூரையின் விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். திரையில் தப்பிவிடும் அந்தக் கோடு, பெரிய பிரிண்டில் பல்லிளிக்கும்.

உண்மையில் இந்த ஸ்லைடர்கள் எனக்குச் சுவரில்தான் அதிகம் உதவுகின்றன. வெளிறிய சாந்து வைத்துக் கட்டிய செங்கல் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பை ஏற்றினால் செங்கல் வெளுத்து, சாந்தின் நிறத்தோடு கலந்து, சுவரே வழவழவென்று ஆகிவிடும். சிவப்பை இறக்கினால் செங்கல் கறுக்க, சாந்துக் கோடுகள் வரிசை வரிசையாக எழும். அதே சுவர், அதே வெளிச்சம், இரண்டு வேறு கட்டிடங்கள்! வானத்தை மிரட்டலாகக் காட்டுவதில் எனக்கு இருந்த மோகம் இதைக் கவனித்தபிறகு போய்விட்டது.

வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரும் அப்படித்தான். 1/125 வினாடி எக்ஸ்போஷரை எட்டு வினாடிக்கு இழுத்துவிடும். நடமாடும் ஆட்கள் பெரும்பாலும் மறைந்துவிடுவார்கள், அது வசதிதான். ஆனால் நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்து மேகத்தைக் கோடு கோடாக இழுக்கும் பாணி சீக்கிரமே சலித்துவிட்டது. எந்தக் கட்டிடமானாலும் ஒரே படம்போல் தெரிகிறது.

ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டமான, நிழல் விழாத வெளிச்சத்தில் பல பத்தாண்டுகள் எடுத்தார்கள். வானம் வெறும் சாம்பல்; பார்வை கட்டிடத்தின் உருவத்தில்தான் நிற்கும். சிக்கலான வடிவங்களுக்கு நானும் இப்போது மந்தமான நாளையே தேடுகிறேன். வெள்ளைக் கட்டிடத்துக்கு மட்டும் இது ஒத்துவராது, சுவரும் வானமும் ஒன்றாகிவிடும். கான்கிரீட்டுக்கோ நேரெதிர்: வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும் கொஞ்ச நேரத்தில்தான் வார்ப்புப் பலகையின் மர ரேகைகூடத் தெரியும். வெயில் நேராக அடிக்கத் தொடங்கினால் அது தட்டையான சுவர்.

செலவே இல்லாத ஒரு மாற்றம்: ராவில் எடுத்தாலும் வியூஃபைண்டரைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவைப்பது. வண்ணம் கோப்பில் பத்திரமாக இருக்கும், கண் மட்டும் நிழலையும் வடிவத்தையும் பார்க்கும்.

கறுப்பு வெள்ளை சென்சார் கேமரா வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். லைகா 2012இலும் பென்டாக்ஸ் 2023இலும் அப்படிப்பட்டவற்றைக் கொண்டுவந்தன. கூர்மை கூடும், குறைந்த வெளிச்சத்தில் நாய்ஸ் குறையும், சரி. ஆனால் வண்ணத் தகவல் இல்லாததால் மேலே சொன்ன செங்கல் வித்தையைப் பிறகு செய்ய முடியாது. எடுக்கும்போதே ஃபில்டரை முடிவுசெய்ய வேண்டும். வெள்ளைச் சுவர் ஒருமுறை வெளிறினால் மீட்க வேறு வண்ணச் சேனலும் (சிவப்பு, பச்சை, நீலத்தின் தனித்தனிப் பதிவு) இல்லை. அந்தப் பணம் கையில் இருந்தால் கட்டிடம் எடுப்பவர்கள் முதலில் ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாம். பழைய லென்ஸாக இருந்தாலும் போதும். ஷிஃப்ட் திருகு மட்டும் வழுக்காமல் இறுகுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.