பட்டித் தூசிக்கு ஈடுகொடுத்த 20 லிட்டர் டிரம் வேக்குவம் கிளீனர்

எங்கள் கோவை வீட்டில் வயரிங் மாற்றச் சுவரெங்கும் காடி வெட்டினார்கள். குளியலறை டைல்ஸை உடைத்தார்கள். பிறகு மூன்று அறைகளுக்குப் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் வெள்ளை மாவு) பார்த்து உப்புத்தாள் தேய்த்தார்கள். இத்தனையும் நாங்கள் குடியிருக்கும்போதே நடந்தது. அம்மாவுக்கு இரைப்பு உண்டு. அவர் அறை வாசலில் ஈரச் சாக்கு விரித்தும், கவிழ்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்தால் விரலில் வெள்ளையாக ஒட்டியது. டைல்ஸிலும் சிமெண்ட் பூச்சிலும் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பது. துடைப்பத்தால் கூட்டினால் அது எழும்பி மறுபடி மூக்குக்குத்தான் வரும்.

முதலில் வீட்டிலிருந்த சாதாரண வேக்குவம் கிளீனரை எடுத்தேன். பட்டித் தூசி கோதுமை மாவைவிட நைசானது. பத்தே நிமிடத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டது. மிச்சத் தூசி பின்பக்கத் துளை வழியாக அறைக்கே திரும்பியது. இரண்டாம் நாள் மோட்டாரில் கருகல் வாடை அடித்தது. அத்தோடு அதை ஓரம் கட்டிவிட்டேன்.

கடையில் எல்லோரும் வாட்ஸைத்தான் சொல்லி விற்கிறார்கள். வாட்ஸ் என்பது இயந்திரம் தின்னும் மின்சாரக் கணக்கு. அதை வைத்து இழுவையை எடை போட முடியாது. நான் பார்த்து வாங்கியது வடிகட்டியை. 20 லிட்டர் டிரம் வைத்த வேக்குவம் கிளீனர், ஈரம் உலர் இரண்டுக்கும் ஆனது, 1400 வாட்ஸ். உள்ளே துணிப்பை, அதற்கு மேல் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி. பை இருக்கிறதே, அதுதான் உயிர். தூசியில் பெரும்பங்கு பையிலேயே தங்கிவிடுவதால் வடிகட்டி சீக்கிரம் அடைபடுவதில்லை. குப்பையைக் கொட்டும்போதும் புழுதி கிளம்பாமல், பையை அப்படியே கழற்றிக் கட்டிப் போட்டுவிடலாம்.

ஜன்னலின் அலுமினியத் தடத்தில் ஒடுங்கிய முனையை வைத்து ஓட்டியபோது, சிமெண்ட் துகள் சரசரவென்று குழாய்க்குள் ஏறும் சத்தம் கேட்டது. தடத்தின் அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

குறைகளும் உண்டு. சத்தம் அதிகம், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்காத நேரம் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். குழாய் இரண்டு மீட்டர்தான், பரண் எட்டாது. உலர்ந்த பட்டியை இழுக்கும்போது பிளாஸ்டிக் குழாயில் நிலைமின்சாரம் ஏறி, கையில் சுருக்கென்று அடிக்கிறது. 230 வோல்ட்டில் இது ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே இழுக்கும். ஆகவே சாதாரண 6 ஆம்பியர் பாயிண்ட் போதாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். தற்காலிக இணைப்பில் வேலை ஓடும் வீட்டில் இதை முன்கூட்டியே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வைப்பது நல்லது.

தண்ணீர் இழுக்கும் முன் பையையும் வடிகட்டியையும் கழற்றி, ஸ்பாஞ்ச் உறையை மாட்டுங்கள். டிரம்மில் சிமெண்ட் தூசி துளியும் இருக்கக் கூடாது. எங்கள் கொத்தனார் அவசரத்தில் அப்படியே தண்ணீரை இழுத்துவிட்டார். மறுநாள் அடியில் கெட்டிப்பட்டிருந்த சிமெண்டை உளியால் பெயர்த்தோம்.

அடுத்த மாதம் மாடியறை வேலை தொடங்குகிறது. ஐந்து பைகள் வாங்கி வைத்திருக்கிறேன். ஓர் அறைப் பட்டிக்கு ஒன்றரைப் பை பிடிக்கிறது.