ஸ்டாக் வகுப்புக்கு ஹெட் வேலை கொடுப்பவர்கள் கவனத்திற்கு: சேலத்தில் நான் ஏமாந்த விதம்

சேலத்திலும் சுற்று வட்டாரத்திலும் டிராக் (drag) பந்தயத்துக்காக, அதாவது நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் பந்தயத்துக்காக, வண்டி தயார் செய்பவர்கள் எனக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. பெயரைக் காட்டிலும் அங்கே வேலை நடந்த முறை தெரிந்தால்தான், அதே ஏமாற்று வேறோர் இடத்தில் நடக்கும்போதும் உங்களால் கண்டுகொள்ள முடியும்.

என் வண்டி யமஹா ஆர்15, இரண்டாம் பதிப்பு. சிலிண்டரின் விட்டம் (போர்) 57 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 58.7 மி.மீ., கொள்ளளவு 149.8 சிசி, கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் விகிதம் (உள்ளே வந்த கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) 10.4. நான் பதிவு செய்திருந்தது ஸ்டாக் வகுப்பு, அதாவது பெரும்பாலும் கம்பெனி கொடுத்த நிலையிலேயே வண்டி ஓட வேண்டிய வகுப்பு. அதன் விதித்தாளில் ஹெட்டைப் பற்றி (சிலிண்டரின் மேல் மூடி; வால்வுகள் இருப்பது இதில்தான்) மூன்றே வரிகள் இருந்தன: போர்ட்டின், அதாவது ஹெட்டுக்குள் காற்று போகும் வழியின், உட்சுவரிலிருந்து உலோகத்தை எடுக்கவோ அதில் சேர்க்கவோ கூடாது, வால்வு சீட்டை (மூடும்போது வால்வு அமரும் வளையத்தை) வெட்டிக்கொள்ளலாம், அடிமுகத்தை ஃபேஸிங் செய்துகொள்ளலாம் (தட்டையாகச் சீவிக்கொள்ளலாம்). இது புதுமையான விதி அல்ல. அமெரிக்காவில் என்எச்ஆர்ஏ என்ற அமைப்பு நடத்தும் டிராக் பந்தயங்களின் ஸ்டாக் பிரிவிலும் போர்ட்டைத் தேய்ப்பது, மெருகேற்றுவது, அமிலம் ஊற்றி அரிப்பது ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டவைதான்.

இந்த வரம்புக்குள் கிடைக்கும் பலன் சிறியது என்றாலும் உண்மையானது. சீட்டை 30, 45, 60 என்ற மூன்று கோணங்களில் ஒழுங்காக வெட்டினால், வால்வு சற்றே திறந்திருக்கும் நிலையில் காற்று எளிதாகத் திரும்பி உள்ளே போகும். இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலே நிற்கும்போது எஞ்சும் இடம் ஏறக்குறைய 15.9 சிசி. அடிமுகத்தில் 0.3 மி.மீ. எடுத்தால் அதில் முக்கால் சிசி குறைந்து, கம்ப்ரஷன் 10.9 அளவுக்கு உயரும். நான் கேட்டது இந்த இரண்டு வேலைகளை மட்டுமே. விதித்தாளின் நகலைக் கையில் கொடுத்து, போர்ட்டைத் தொடவே கூடாது என்று வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன். "கவலைப்படாதீங்க தம்பி, இந்த வகுப்புக்கு எத்தனையோ ஹெட் பண்ணியிருக்கோம்" என்றார் உரிமையாளர். பேசிய கூலி 18,500 ரூபாய். முழுவதையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

சொன்ன பத்து நாள் நாற்பது நாளாக நீண்டது. அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெட்டோடு ஃப்ளோ பெஞ்ச் (போர்ட் வழியே எவ்வளவு காற்று போகிறது என்று அளக்கும் கருவி) தாள் ஒன்றையும் தந்தார்கள். வேலைக்கு முன் 38 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), வேலைக்குப் பின் 62 சிஎஃப்எம் என்று அதில் இருந்தது. சீட் வெட்டியதால் மட்டும் காற்றோட்டம் அறுபது விழுக்காட்டுக்கு மேல் அதிகரிக்காது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மகிழ்ச்சியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வண்டியைப் பூட்டிய மறுநாள் காலை, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் இரண்டாம் கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது இன்ஜின் எப்படி இழுக்கும் என்பது எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். அன்று ஆறாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையே இல்லை. த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் டக் டக் என்று நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரியும்போது வரும் தட்டல் சத்தம்) கேட்டது. ஏழாவது வளைவிலேயே திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன். பட்டறைக்குப் போன் செய்தபோது, "புது சீட் செட் ஆகணும், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்று பதில் வந்தது.

போட்டி நாளன்று, ஓடுவதற்கு முன்பே உண்மை வெளிப்பட்டது. பரிசோதகர் த்ராட்டில் பாடியைக் கழற்றி, போர்ட்டுக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என்னையும் அருகே அழைத்துத் திரையைக் காட்டி விளக்கினார். வார்ப்பில் வந்த போர்ட்டின் சுவரில், அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று புடைத்து ஓடும். சீட்டுக்குக் கீழே, கட்டர் நின்ற இடமும் வார்ப்பு தொடங்கும் இடமும் சந்திக்கும் விளிம்பில் சிறு படி இருக்கும். என் ஹெட்டில் இரண்டுமே இல்லை. போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கிவிட்டு, தேய்த்த பளபளப்பு தெரியாமலிருக்கக் கண்ணாடி மணிகளைப் பீய்ச்சி, அதாவது பீட் பிளாஸ்டிங் செய்து, வார்ப்பைப் போலவே சொரசொரப்பாக்கியிருந்தார்கள். சொரசொரப்பை அப்படித் திரும்ப வரவழைக்கலாம். அச்சுக்கோட்டை வரவழைக்க வழியில்லை.

ஸ்டாக் வகுப்பிலிருந்து என்னை நீக்கினார்கள். அந்த முடிவில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தார்கள். கட்டுப்பாடற்ற வகுப்பில் ஓட அனுமதித்ததால் ஒருமுறை ஓடிப் பார்த்தேன். 402 மீட்டர் தூரத்தை, கைபடாத ஹெட்டோடு 18.6 வினாடியில் கடந்திருந்த அதே வண்டி, அன்று 18.9 வினாடி எடுத்துக்கொண்டது. இதுதான் என்னை மிகவும் வருத்தியது. போர்ட்டைத் தேவைக்கு மேல் அகலமாக்கினால் காற்றின் வேகம் தணிந்து, கீழ் ஆர்பிஎம்மில் சிலிண்டர் சரியாக நிரம்பாது. நூற்றைம்பது சிசி இன்ஜினுக்கு அந்த வேகம்தான் உயிர்நாடி. விதியை மீறியதற்கான பலன்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு, கோயம்புத்தூரில் பல ஆண்டுகளாக இன்ஜின் வேலை செய்துவரும் பெரியவர் ஒருவரிடம் ஹெட்டையும் தாளையும் கொண்டுபோனேன். அவர் முதலில் பார்த்தது தாளைத்தான். கீழ் மூலையில் பொடி எழுத்தில், முதல் அளவுக்கு 10 அங்குல நீர் அழுத்தம் (காற்றை இழுக்க அளவுக் கருவி கொடுத்த அழுத்தம்) என்றும் இரண்டாவது அளவுக்கு 28 அங்குலம் என்றும் இருந்தது. காற்றோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும் என்பதால், 10 அங்குலத்தில் எடுத்த 38 என்பது 28 அங்குலத்தில் ஏறக்குறைய 63.6 ஆகும். அப்படியானால் 62 என்பது கூடியதல்ல, குறைந்தது. வால்வு எத்தனை மில்லிமீட்டர் திறந்திருந்தபோது அளந்தார்கள் என்பதும் தாளில் இல்லை. அழுத்தமும் வால்வு திறந்திருந்த அளவும் இரண்டு முறையும் ஒன்றாக இல்லாத தாளை வைத்து எதையுமே சொல்ல முடியாது என்றார் அவர்.

அடிமுகத்தை இன்னொரு ஆர்15 ஹெட்டோடு ஒப்பிட்டு அளந்தபோது, 0.3 மி.மீ. என்று சொன்ன இடத்தில் 0.8 மி.மீ. போயிருந்தது தெரிந்தது. அதனால் கம்ப்ரஷன் 11.8 அளவுக்கு ஏறியிருக்கும். ஏற்காட்டுச் சாலையில் கேட்ட நாக்கிங்குக்கு அதுவே காரணம். ஹெட் அவ்வளவு இறங்கினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும், செயினில் ஓடும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இயங்கும் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். எல்லாவற்றையும் விட மோசமானது ஆயிலை வடித்தபோது தெரிந்தது. பீய்ச்சிய மணிகளைச் சரியாகக் கழுவாததால், அவை ஆயில் துவாரங்களில் தங்கி, பிறகு ஆயிலோடு கலந்து ராக்கர் ஷாஃப்டில் (வால்வைத் தள்ளும் நெம்புகோல்கள் ஆடும் தண்டில்) கோடு கோடாகக் கீறியிருந்தன.

நியாயம் கேட்கப் பட்டறைக்குப் போனேன். "எல்லாரும் பண்றதுதான் தம்பி, உங்க நேரம் மாட்டிக்கிச்சு" என்றார் உரிமையாளர். விதித்தாளைக் கொடுத்தேனே என்றதற்கு, அப்படி எதையும் வாங்கவே இல்லை என்றார். பணம் கொடுத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு இருந்ததே தவிர, பில் இல்லை. நாமக்கல்லைச் சேர்ந்த இன்னொரு தம்பியிடமும் இவர்கள் கொடுத்த ஃப்ளோ தாள் இருப்பதைப் பிறகு அறிந்து வாங்கிப் பார்த்தேன். அவருடைய வண்டி வேறு நிறுவனத்தின் வண்டி. தாளில் இருந்ததோ அதே 38, அதே 62.

ஆகவே ஹெட்டைக் கொடுக்கும் முன்பே போர்ட்டுக்குள் அச்சுக்கோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். வால்வை மூடிவைத்து, ப்யூரெட்டால் (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயால்) மண்ணெண்ணெய் ஊற்றி, போர்ட் எத்தனை சிசி கொள்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்டின் தடிமனை நான்கு மூலையிலும் அளந்து, உங்களுக்கு மட்டும் தெரிந்த இடத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். விதித்தாளின் நகலில் "இதன்படி செய்து தருகிறேன்" என்று அவர்கள் கையெழுத்திடத் தயங்கினால், அங்கே கொடுக்காதீர்கள். முறையான பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுவது எளிது; இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் கிடையாது. துண்டுச்சீட்டையும் இரண்டு தாள்களையும் போன் குறுஞ்செய்திகளையும் வைத்து நானும் மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதே 38, 62 என்ற எண்கள் உள்ள தாள் உங்களில் யாரிடமாவது இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் எனக்குத் தெரிவியுங்கள். மூன்றாவது தாளும் கிடைத்தால் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.