பர்மா பஜாரில் 'கன்ஸ்மோக்' பழைய டிவிடி: எந்த சீசனை வாங்கலாம்?

பர்மா பஜாரில் செல்போன் கடைகளுக்கு நடுவே பழைய டிவிடி விற்கும் கடை எதிலாவது 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் டிவி தொடரின் அமெரிக்க ஒரிஜினல் பெட்டியைப் பார்த்தால் விடாதீர்கள். ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற நடிகரின் வாழ்நாள் உழைப்பு அது. ஆனால் சீசன் பார்த்து வாங்க வேண்டும்.

1955 முதல் 1975 வரை 20 சீசன், 635 எபிசோடு. முதல் 6 சீசன்கள் கறுப்பு வெள்ளை, அரை மணி நேரம், மொத்தம் 233 எபிசோடு. 1961-ல் ஒரு மணி நேரமானது, 1966-ல் கலருக்கு மாறியது. முதலில் எடுக்க வேண்டியது அரை மணி நேர சீசன்களைத்தான். வளவளப்பு இல்லாத கதைகள். ஊரின் சட்டம் காக்கும் அதிகாரி மார்ஷல் மாட் டில்லனாக ஆர்னஸ் பேசாமல் நின்றாலே காட்சி நிறைந்துவிடும். 6 அடி 7 அங்குல உயரம் அவருக்கு. 1951-ல் 'தி திங்' படத்தில் அந்த உயரத்துக்குக் கிடைத்தது வேற்றுக்கிரக ஜந்து வேஷம். 'ஹோண்டோ'வில் (1953) ஹாலிவுட் நட்சத்திரம் ஜான் வெய்னுக்குத் துணைப் பாத்திரம். 'கன்ஸ்மோக்' முதல் எபிசோடு ஒளிபரப்பானபோது அதே வெய்ன் திரையில் வந்து இவரை அறிமுகப்படுத்தினார்.

கடைசி சீசன்களில் பல கதைகளைத் தாங்குபவர்கள் விருந்து நடிகர்கள். ஆர்னஸ் கொஞ்ச நேரமே வருவார். 1944-ல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் காலில் பட்ட குண்டுக் காயம் ஆயுள் முழுக்க அவரைப் படுத்தியது. அவருக்காகவே பார்ப்பவர்கள் அந்த சீசன்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டிவிடிகளுக்கு நாட்டுக்கு ஏற்ப ரீஜன் எண் உண்டு, எண் பொருந்தாத பிளேயரில் ஓடாது. இவை ரீஜன் 1 டிஸ்க்குகள். நம் ஊர் ரீஜன் 5. அதனால் 'ரீஜன் ஃப்ரீ' பிளேயர் வேண்டும். கம்ப்யூட்டர் டிரைவில் 5 முறைதான் ரீஜன் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். டிவியில் படத்தின் அகல-உயர விகிதத்தை 4:3 என வையுங்கள், இல்லையென்றால் அந்த நெடிய மனிதர் குட்டையாகப் பருத்துத் தெரிவார்.

காசு கொடுக்கும் முன் டிஸ்க்கின் அடிப்பக்கத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டத்தோடு சேர்ந்து ஓடும் கீறல் ஆபத்தானது, ஒரே இடத்தில் நீளமாகத் தகவலை அழித்துவிடும். தகவலை இரண்டு அடுக்காகப் பதிந்த இரட்டை அடுக்கு டிஸ்க்கில் லேசர் உள்ளிருந்து விளிம்புக்குப் போய், அங்கே அடுக்கு மாறி, மறுபடி உள்ளே திரும்பும். விரல் அழுக்கு அதிகம் படிவது விளிம்பில்தான். ஆகவே டிஸ்க்கின் நடு எபிசோடில்தான் படம் உறையும். கடையிலேயே போட்டுப் பார்க்கும்போது முதல் எபிசோடோடு நிறுத்திவிடாமல் நடுவில் இருப்பதையும் ஓடவிடச் சொல்லுங்கள். துடைப்பதென்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒருபோதும் வட்டமாக அல்ல.

பல சீசன்கள் இரண்டு வால்யூமாக வந்தவை. ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முழு சீசன் விலை சொன்னால் பேரம் பேசுங்கள்.