தங்கசாலை நெகட்டிவ் ஸ்கேன் கடை: பழைய விமானப் படம் கொண்டுபோகிறவர்களுக்கு

சென்னை மின்ட் மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது இந்தக் கடை. கல்யாண ஆல்பம் புதுப்பிக்க வருகிறவர்கள்தான் அதிகம். பழைய படத்தில் நிற்கும் விமானம் என்ன ரகம், என்ன எண் என்று தேடுகிறவர்களும் தாராளமாகப் போகலாம். கவுன்டரில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கவரை நீட்டினால் மட்டும் காசும் போச்சு, தடயமும் போச்சு.

கை சுத்தமான கடை. கையுறை போட்டுத்தான் நெகட்டிவைத் தொடுகிறார்கள், துணியால் துடைக்காமல் பம்ப்பால் ஊதுகிறார்கள். 6×9 செ.மீ. கறுப்பு-வெள்ளை நெகட்டிவை 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி), 16 பிட் டிஃப்பாக (TIFF, விவரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு) கேளுங்கள். ஒரு படம் சுமார் 84 எம்பி வரும், அதனால் பென் டிரைவ் அவசியம். 'வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன் சார்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கணக்கு இதுதான்: 7.6 மீட்டர் நீளமுள்ள பஸ் மாத் (Puss Moth) விமானம் படத்தின் அகலத்தில் கால்வாசி இருந்தால், அரை மீட்டர் உயர எழுத்துக்கு டிஃப்பில் 130 பிக்சல் கிடைக்கும். 1600 பிக்சலுக்குச் சுருங்கிய படத்தில் 26தான். அதில் டி (D) எது, ஓ (O) எது? 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்த பஸ் மாத்தின் எண் விடி-ஏடிஎன் (VT-ADN). நடு எழுத்து மங்கினால் அது வேறு விமானமாகிவிடும்.

கடையின் பெரிய குறை, கேட்காமலே 'கிளீன்' செய்வது. இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் கலர் பிலிமுக்குச் சரி. கறுப்பு-வெள்ளை பிலிமில் உருவமே வெள்ளி, வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறைக்கும், இயந்திரம் படத்தையே தூசி என்று நினைத்து மெழுகிவிடும். இறக்கைகளுக்கு இடையிலான கம்பிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. ஏஐ மெருகேற்றல் அதைவிட மோசம்: மங்கிய எழுத்தை ஊகித்துத் தெளிவாக எழுதிவைக்கும், பார்ப்பவர் நம்பியும்விடுவார்.

கறுப்பு-வெளுப்பைத் தானாக மாற்றியமைக்கும் ஆட்டோ கான்ட்ராஸ்ட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப்.பின் 240 ஸ்குவாட்ரனின் கேட்டலினா பறக்கும் படகுகள் இருந்தன. ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக் கூடாது என்று இந்தப் பகுதியில் பறந்த ஆர்.ஏ.எஃப். விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்தது கருநீலமும் வெளிர்நீலமும். சிவப்பு ஒளியை உணராத பழைய ஆர்த்தோ பிலிமில் நீலம் வெளுத்து விழும், சிவப்பு கறுப்பாக விழும். வெளுத்துக் கிடக்கிற அந்தச் சின்னத்தை ஆட்டோ கான்ட்ராஸ்ட் ஒரேயடியாக அழித்துவிட்டால், படம் எந்தக் காலத்தது என்று சொல்ல இருந்த ஒரே பிடியும் போய்விடும். கேட்டலினாவில் உடலின் பக்கவாட்டில் சக்கரம் மடங்கும் குழி தெரிகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தரையிலும் இறங்கும் ரகம், இல்லாவிட்டால் தண்ணீரில் மட்டும்.

இடவலம் மாற்றிக் கொடுப்பதும் இங்கே நடக்கிறது. எண் தெரியாத படத்தில் இடவலம் மாறியதைக் கண்டுபிடிக்க விமானத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் மனிதர்களைப் பாருங்கள். புடவை முந்தானை வலது தோளில் கிடந்தால் படம் திரும்பியிருக்கலாம் (மடிசார், குஜராத்திக் கட்டு என்றால் வலதிலும் வரும்). நெகட்டிவில் மங்கலான பக்கம் எமல்ஷன் (படம் பதிந்த பூச்சு), மினுங்குவது பிலிம் பக்கம். கொடுக்கும்போதே காட்டிவிட்டால் வம்பு இல்லை.

எழுத்தே இல்லாத படத்திலும் ஸ்கேன் நன்றாக இருந்தால் ரகம் பிடிபடும். மூக்கின் மேல் சிலிண்டர்கள் துருத்தி நின்றால் ஜிப்ஸி மாத். சிலிண்டர்கள் தலைகீழாகி மூக்கு வழவழப்பாகவும், இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்தும் இருந்தால் டைகர் மாத். அதே மூக்கோடு இறக்கை நேராக இருந்தால் மாத் மேஜர், இதைத்தான் பலரும் டைகர் என்று எழுதிவைக்கிறார்கள். ஒற்றை இறக்கை மேலே, மூடிய கேபின் என்றால் இறக்கையின் அகலத்தைப் பாருங்கள். கடைசிவரை ஒரே அகலம் பஸ் மாத், நுனிக்குக் குறுகினால் லெபர்ட் மாத்.

120 பிலிமுக்கும் 35 மி.மீ.க்கும்தான் ஹோல்டர் உண்டு. மற்ற அளவுகளை நேரே கண்ணாடியில் வைக்கிறார்கள், அப்போது எண்ணெய்ப் படலம் போல வளையம் விழும். அப்படி விழுந்தால் எமல்ஷன் பக்கத்தைக் கீழே வைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். எமல்ஷன் பக்கம் அவ்வளவாக வளையம் போடாது, ஆனால் படம் திரும்பி வரும், கணினியில் புரட்டிக்கொள்ள வேண்டும். நெகட்டிவ் இல்லாமல் சின்ன கான்டாக்ட் பிரின்ட் (நெகட்டிவ் அளவிலேயே போட்ட படம்) மட்டும் இருந்தால் 1200 டிபிஐ போதும். பிரின்ட்டின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பென்சில் எழுத்தும் ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும், தானாக எடுக்கும் வழக்கம் இந்தக் கடையில் இல்லை.